கறுப்புக் கண்ணாடி போட்டும் கண் கூசுகிறதா? புல்வெட்டி ஓட்டுகிறவர்களுக்கான லென்ஸ் நிற வழிமுறை

மன்னார்குடிப் பக்கம் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்த்து வாடகைக்கும் விடுகிறேன். இயந்திரத்தோடு பாதுகாப்புக் கண்ணாடியையும் கொடுத்தனுப்புவது என் வழக்கம். இயந்திரம் திரும்பி வரும்போது அதைப் பற்றிய குறையைவிடக் கண்ணாடியைப் பற்றிய குறைதான் அதிகம் வருகிறது. பெரும்பாலும் ஒரே கோரிக்கை: “அண்ணே, இதைவிடக் கறுப்பாக ஒன்று கொடுங்கள்.”

கறுப்பாகக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். பத்து நாளில் அதே ஆள் வேறு குறையோடு வருவார். வரப்பில் கால் இடறியது, தென்னை மட்டை கண்ணுக்குத் தெரியவில்லை, தலை வலிக்கிறது என்பார். கூச்சத்துக்குக் காரணம் கீறலாக இருக்கும், ஆவியாக இருக்கும், இடத்துக்குப் பொருந்தாத நிறமாக இருக்கும். லென்ஸ் போதுமான கறுப்பாக இல்லாததுதான் காரணம் என்று நான் கண்டது மிகக் குறைவு. அதனால் கீழே ஒவ்வொரு குறைக்கும் செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறேன். உங்களுக்கு எது நேர்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படியுங்கள்.

## எந்தக் குறையானாலும் முதலில்: லென்ஸில் என்ன பொறித்திருக்கிறது?

நிறத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு அந்த லென்ஸ் அடியைத் தாங்குமா என்று பாருங்கள். சட்டத்தின் கைப்பகுதியிலும் லென்ஸின் ஓரத்திலும் பொடி எழுத்துகள் இருக்கும். இந்தியத் தரமானால் ஐ.எஸ். 5983. அமெரிக்கத் தரமானால் இசட்87 (Z87) என்ற எழுத்துக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி இருக்க வேண்டும். அதுதான் வேகமாக வரும் துண்டைத் தாங்கும் என்பதற்கு அடையாளம். ஐரோப்பியத் தரமான ஈ.என். (EN) 166 என்றால் எஃப் (F) அல்லது பி (B) என்ற எழுத்தைத் தேடுங்கள். எஃப் என்பது 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டு நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் மோதினால் தாங்கும். பி என்பது அதே குண்டை 120 மீட்டர் வேகத்தில் தாங்கும்.

புல்வெட்டிக்கு எது வேண்டும்? நிமிடத்துக்கு 7,000 சுற்று ஓடும் இயந்திரத்தில் 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு நைலான் நரம்பு நீட்டிக்கொண்டிருந்தால், அதன் நுனி நொடிக்கு ஏறக்குறைய 145 மீட்டர் போகிறது. அதில் பாதிக்கும் குறைவான வேகத்தில், ஒரு ரூபாய் நாணயத்தில் பாதி எடையுள்ள ஒரு சரளைக் கல் தெறித்தாலே எஃப் குறியின் சோதனை அடியைப் போல நான்கு மடங்கு அடி விழும். நான் வாடகைக்கு விடும் கண்ணாடிகள் எல்லாம் பி குறி உள்ளவை. அதற்கு மேல் முகத்துக்கு வலைத்தடுப்பும் தருகிறேன்.

இணையத்தில் வாங்கி வருகிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஏர்சாஃப்ட் என்ற விளையாட்டுக்காக விற்கும் கண்ணாடிகள் வெள்ளை, மஞ்சள், புகை நிறம் என்று மூன்று லென்ஸ்களோடு ஒரே பெட்டியில் வருகின்றன. விலை குறைவு, பார்க்கவும் உறுதியாக இருக்கும். அந்த விளையாட்டில் எதிரே வருவது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு. வழக்கமான 0.20 கிராம் குண்டு நொடிக்கு 100 மீட்டரில் வந்தால் அதன் அடியின் ஆற்றல் ஒரு ஜூல்தான். நம் வரப்பில் தெறிக்கும் கருங்கல் சில்லு அப்படிப்பட்டது அன்று. மூன்று லென்ஸிலும் தரக்குறி இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்; மூன்று நிறம் கையில் இருப்பது நல்ல வசதி. குறியே இல்லையென்றால் அது வெயிலுக்குப் போடும் கண்ணாடி, அவ்வளவுதான். புல்வெட்டியோடு அதை அணிய வேண்டாம்.

கடைத்தெருவில் விற்கும் கூலிங் கிளாஸுக்கும் இதே பதில்.

## குறை 1: வெட்டவெளியில் கண் கூசுகிறது

கீறல் இருக்கிறதா? கண்ணாடியைக் கழற்றி, சூரியனுக்கு நேராக இல்லாமல், வாசல் வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடியுங்கள். சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் மின்னினால் கூச்சத்துக்குக் காரணம் அதுதான். ஒவ்வொரு கீறலும் வெளிச்சத்தை வாங்கிக் கண்ணுக்குள் சிதறவிடுகிறது. இதன் மேல் எவ்வளவு கறுப்பு ஏற்றினாலும் கூச்சம் போகாது, பார்வைதான் குறையும்.

டெல்டாவில் லென்ஸ் இத்தனை சீக்கிரம் கீறலாவதற்கு நெல் ஒரு காரணம். உமியில் மணலின் சத்தான சிலிக்கா நிறைய இருக்கிறது. அறுப்புக் காலத்தில் லென்ஸில் படிந்த தூசியைத் தோளில் கிடக்கும் துண்டால் துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பிறகு மெதுவாக ஒற்றி எடுங்கள். பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் போகும் என்று சிலர் செய்கிறார்கள். மேல்பூச்சுதான் போகும், கீறல் இன்னும் கூடும். லென்ஸை மட்டும் மாற்ற முடிகிற மாதிரியாக இருந்தால் லென்ஸை மாற்றுங்கள். இல்லையென்றால் புதியது வாங்குங்கள். நிறமில்லாத சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது.

கீறல் இல்லை. பக்கத்திலிருந்து வெளிச்சம் வருகிறதா? இரண்டு கைகளையும் கன்னத்தோடு சேர்த்துக் குவித்து, கண்ணாடியின் இரு பக்கத்தையும் மூடிப் பாருங்கள். கூச்சம் அடங்கினால் நிறத்தில் பழுதில்லை. பக்கத்தடுப்பு உள்ள சட்டமோ, விளிம்பு அகன்ற தொப்பியோ போதும்.

வேதாரண்யம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தத் தொப்பி உதவாது. அங்கே வெளிச்சம் கீழேயிருந்து வருகிறது. பாத்தி முழுவதும் வெள்ளை. பக்கமும் அடியும் முகத்தோடு ஒட்டி மூடும் சட்டம், அதில் நல்ல அடர்நிற லென்ஸ், இரண்டும் சேர்ந்தால்தான் அங்கே கண் தாங்கும். கறுப்பாகக் கேட்பவர்களுக்கு மறுபேச்சில்லாமல் நான் கறுப்பாகவே கொடுக்கும் ஒரே வேலை அது.

தண்ணீரின் மினுக்கமா? மேட்டூரிலிருந்து தண்ணீர் வந்து குறுவைக்கு வயல் கட்டியிருக்கும் ஆனி, ஆடி மாதங்களில் வரப்பு வெட்டுகிறவர்கள் சொல்லும் கூச்சம் இது. வானத்தைப் பார்த்தால் பரவாயில்லை, வயலைப் பார்த்தால் கண்ணைத் திறக்க முடியவில்லை என்பார்கள். இதற்குப் போலரைஸ்டு லென்ஸ்தான் மருந்து. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை அது வடிகட்டிவிடும். வாய்க்காலின் அடிமண்கூடத் தெரியும். வாங்கும்போது கைப்பேசித் திரைக்கு நேரே லென்ஸைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் திரை இருண்டு போனால் அது உண்மையான போலரைஸ்டு. கைப்பேசித் திரையில் தெளிவாகத் தெரியவில்லையென்றால் பழைய கால்குலேட்டர் திரையில் பாருங்கள். தரக்குறி இதிலும் இருக்க வேண்டும். மீன் பிடிக்கவும் வண்டி ஓட்டவும் விற்கும் போலரைஸ்டு கண்ணாடிகளில் பலவற்றில் அது இருப்பதில்லை.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. மினுக்கத்தோடு ஈரமும் கண்ணுக்கு மறைந்துவிடும். வழுக்கும் களிமண் வரப்பும் காய்ந்த வரப்பும் ஒன்றுபோலத் தெரிந்து, இயந்திரத்தோடு சறுக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். போலரைஸ்டு போட்ட முதல் நாள் பாதத்தை ஊன்றி ஊன்றி நடங்கள்.

இவை எதுவும் இல்லை, லென்ஸ் உண்மையிலேயே வெளிறியதா? இப்போதுதான் நிறத்துக்கு வருகிறோம். வெயில் கண்ணாடிகளில் 0 முதல் 4 வரை ஒரு வகை எண் இருக்கும். விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எவ்வளவு உள்ளே விடுகிறது என்பதற்கான கணக்கு அது. 0 என்றால் 80-க்கு மேல், 1 என்றால் 43 முதல் 80, 2 என்றால் 18 முதல் 43, 3 என்றால் 8 முதல் 18, 4 என்றால் 3 முதல் 8. ஐரோப்பியப் பாதுகாப்பு லென்ஸில் இதையே 5-2.5 என்றும் 5-3.1 என்றும் பொறித்திருப்பார்கள்; முந்தையது வகை 2-இன் அடர்த்தியான பக்கம், பிந்தையது வகை 3.

சித்திரை வெயிலில் நடுவயலுக்கு வகை 3 வரை போகலாம். மற்ற மாதங்களுக்கு வகை 2 போதும் என்பது என் முடிவு. வகை 4 நம் வேலைக்கு வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவும் கூடாது.

செய்யக் கூடாதது ஒன்று. கார் கண்ணாடிக்கு ஒட்டும் கூலிங் பேப்பரை வெட்டி லென்ஸில் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். அதன் பசையில் இருக்கும் கரைப்பான் லென்ஸின் பிளாஸ்டிக்கைப் பதம் பார்க்கலாம். அடியில் விழும் வெடிப்பும் மறைந்துபோகும். பட்டறையில் பெட்ரோலாலும் தின்னராலும் லென்ஸைத் துடைப்பதும் அப்படித்தான். லென்ஸின் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட்டில் மயிரிழை வெடிப்பு விழுந்துவிடும்; அப்புறம் சிறு கல் பட்டாலே பிளக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் கூசுகிறது என்றால் கடையை விட்டுவிட்டுக் கண் மருத்துவரிடம் போங்கள். கண்ணாடியைக் கழற்றிய பிறகும் வீட்டுக்குள் டியூப்லைட் கூசுகிறது, விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றால் கண்புரையாக இருக்கலாம். கருவிழியின் மேல் சதை ஏறுவதும் வெயிலிலும் புழுதியிலும் உழைக்கிறவர்களுக்கு வருவதுதான். இதற்கெல்லாம் எந்த நிற லென்ஸும் வைத்தியம் ஆகாது.

## குறை 2: தோப்புக்குள் நுழைந்ததும் எதுவும் தெரியவில்லை

எனக்கு மிகவும் கவலை தரும் குறை இது. வெட்டவெளியில் புகை நிறக் கண்ணாடியோடு வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே தென்னந்தோப்புக்குள்ளோ வாழைக்கொல்லைக்குள்ளோ போகிறார். நிழலோடு லென்ஸின் இருட்டும் சேர்ந்துகொள்கிறது. கம்பி, கல், பாம்பு எல்லாம் அந்த இருட்டுக்குள் இருக்கின்றன.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் அடித்து ஓய்ந்தபின், பேராவூரணிப் பக்கத் தோப்புகளில் புல் வெட்டப் போனவர்கள் ஓட்டு வீட்டுத் தகரம், வேலிக்கம்பி, முறிந்த மரத்தின் அடிக்கட்டை என்று புல்லுக்குள் புதைந்து கிடந்தவற்றோடு மோதினார்கள். எனக்கு வந்த இயந்திரங்களில் தகடு நெளிந்தவை அந்த ஆண்டு மிக அதிகம். ஒரு தம்பியின் கைமுட்டியில் கம்பித்துண்டு ஏறியிருந்தது. அவர் போட்டிருந்தது நல்ல கறுப்புக் கண்ணாடி. கம்பி தனக்குத் தெரியவே இல்லை என்றார்.

சோதனை எளிது. தோப்பின் ஓரத்தில் நின்று கண்ணாடியோடு தரையைப் பாருங்கள். பிறகு இயந்திரத்தை நிறுத்தி, சற்றுத் தள்ளி வந்து, கழற்றிவிட்டுப் பாருங்கள். கழற்றியபோது புதிதாக ஒரு பொருளாவது தெரிந்தால் அந்த லென்ஸ் அந்த இடத்துக்கு ஆகாது.

முதல் வழி, நிறமில்லாத வெள்ளைக் கண்ணாடிக்கு மாறுவது. வெள்ளை என்றால் வெயிலிலிருந்து பாதுகாப்பு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பாலிகார்பனேட் லென்ஸ் நிறமே இல்லாமல் புற ஊதாக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அந்தக் காவலுக்கும் கறுப்புக்கும் தொடர்பில்லை. சோதித்துப் பார்க்க வேண்டுமானால், கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு உள்ள கடையில் சோப்புத்தூள் போட்டு வெளுத்த வெள்ளை வேட்டியின் மேல் லென்ஸை வையுங்கள். வேட்டி நீலமாக ஒளிரும், லென்ஸுக்கு அடியில் ஒளிராது. மலிவான ஊதா டார்ச்சில் இந்தச் சோதனை சரிவராது. அதன் ஒளி நல்ல லென்ஸையும் தாண்டிப் போகும்.

வெயிலும் நிழலும் மாறி மாறி வரும் இடமானால் வகை 1 அளவில் மிக மெல்லிய பழுப்பு நிறம் போதும். கழுத்துக் கயிற்றில் வெள்ளை ஒன்று, பையில் நிறமுள்ளது ஒன்று என்று இரண்டை வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. தோப்புக்குள் நுழைந்ததும் வேலையைத் தொடங்காமல் ஐந்து நிமிடம் நின்று இயந்திரத்துக்குப் பெட்ரோல் ஊற்றுங்கள், நரம்பை மாற்றுங்கள். கண் நிழலுக்குப் பழகிக்கொள்ளும்.

வெயிலில் தானே கறுத்து நிழலில் தானே வெளுக்கும் லென்ஸைப் பற்றிக் கேட்கிறார்கள். விலை அதிகம். வெளுக்கச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். சூடு கூடினால் கறுப்பதும் குறையும். நம் கோடையில் அது பாதி வேலைதான் செய்கிறது. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

## குறை 3: நிறங்கள் மாறித் தெரிகின்றன

புகை நிறம் எல்லா நிறத்தையும் ஒரே அளவில் மங்கவைக்கும். பச்சை பச்சையாகவே இருக்கும். பழுப்பும் மஞ்சளும் நீல ஒளியை வெட்டிவிடும். அதனால் புல்லும் மண்ணும் பிரிந்து துல்லியமாகத் தெரியும். மார்கழி, தை மாதக் காலைப் பனியில் வரப்பின் விளிம்பு தெரிவதற்குப் பழுப்பு மிகவும் நல்லது. ரோஜா, சிவப்பு நிறங்களில் பச்சை கறுத்துப்போகும்.

பழுப்பு நிறத்தின் அருமையைச் சொல்லிக்கொண்டே இருந்த நான் ஒரு நாள் பாடம் கற்றேன். கொள்ளிடக்கரைப் படுகையில் ஆடு மேயும் இடம். ஆடு கட்டும் நீல நைலான் கயிறு புல்லுக்குள் கிடந்தது. நீலத்தை வெட்டும் லென்ஸில் அந்தக் கயிறு கருஞ்சாம்பலாக மாறி நிழலோடு நிழலாகிவிட்டது. வெட்டும் தலையில் கயிறு சுற்றி, முளைக்குச்சி பிடுங்கிக்கொண்டு என் முழங்கால் வரை வந்தது. ஆடு அப்போது கயிற்றில் இல்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

அன்றிலிருந்து நான் லென்ஸ் கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் ஐந்து பொருள் சோதனையைச் செய்யச் சொல்கிறேன். ஒரு பச்சை இலை, ஒரு பிடி வைக்கோல், துருப்பிடித்த கம்பித்துண்டு, நீல நைலான் கயிறு, ஒரு சிவப்புத் துணி. இவற்றை வேலை செய்யப்போகும் இடத்தின் புல்லுக்குள், வேலை செய்யும் அதே நேரத்தில் போட்டுவிட்டு, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். ஐந்தும் தனித்தனியாகத் தெரிந்தால் அந்த நிறம் உங்களுக்கு ஏற்றது. ஒன்று மறைந்தாலும் வேறு நிறம் பாருங்கள். கடைக்குள் விளக்கொளியில் போட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

நீலம், தங்க நிறங்களில் பளபளக்கும் கண்ணாடிப்பூச்சு லென்ஸ்கள் நம் புழுதிக்கு ஒரு பருவம்கூடத் தாங்குவதில்லை.

## குறை 4: வேலை செய்யச் செய்ய மங்குகிறது

லென்ஸ் கறுப்பாக இருப்பதால் இருட்டுகிறது என்று நினைத்து வருவார்கள். பாதிக்கு மேல் ஆவிதான். வெள்ளை லென்ஸில் ஆவி வெண்மையாகத் தெரிந்துவிடும். கறுப்பு லென்ஸில் வெறும் இருட்டு போலத் தெரியும். கழற்றி உட்பக்கத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் நிறத்தை மாற்ற வேண்டியதில்லை.

மூக்கோடு சேர்த்துத் துண்டு கட்டியிருக்கிறீர்களா? மூச்சு முழுவதும் மேலே ஏறி லென்ஸில் படியும். துண்டின் மேல் விளிம்பை மூக்குத்தண்டில் இறுக்கிக் கட்டுங்கள், அல்லது மூக்குக்கம்பி உள்ள முகக்கவசம் அணியுங்கள். ஓய்வெடுக்கும்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றாதீர்கள். வியர்வையும் சூடும் லென்ஸுக்குள் புகுந்துவிடும். கழுத்தில் தொங்கவிடுங்கள்.

சட்டத்தின் காற்றுத் துளைகளைப் பாருங்கள். உமித்தூசியும் புல்சாறும் காய்ந்து அடைத்திருக்கும். பழைய பல்துலக்கியால் கழுவினால் திறந்துகொள்ளும்.

பிறகும் ஆவி படிந்தால் ஆவிதடுப்புப் பூச்சுள்ள லென்ஸ் வாங்குங்கள். ஐரோப்பியத் தரத்தில் என் (N) என்ற எழுத்து இருக்கும். உள்பக்கத்தைத் துடைத்தால் பூச்சு போய்விடும், நீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் எந்தப் பூச்சும் நாள் முழுக்கத் தாங்காது. இரண்டு கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போடுவதுதான் அப்போது வழி. லென்ஸே இல்லாத வலைக்கண்ணாடியில் ஆவி வராது என்று சிலர் அதை மட்டும் அணிகிறார்கள். பெரிய கல்லை அது நிறுத்தும். உடைந்த சில்லும் நெல் சுணையும் வலைக்கண் வழியே உள்ளே வரும். வலையை முகத்தடுப்பாக மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே லென்ஸ் போடுங்கள்.

## குறை 5: தலை வலிக்கிறது, தரை வளைந்து தெரிகிறது

கண்ணாடியைக் கையில் நீட்டிப் பிடித்து, லென்ஸ் வழியாக ஒரு நேர்க்கோட்டை, கதவு நிலையை அல்லது மின்கம்பத்தை, பாருங்கள். லென்ஸை மெல்ல அசைக்கும்போது கோடு நெளிந்தால் லென்ஸ் வார்ப்பு சரியில்லை. ஐரோப்பியக் குறியில் 1, 2, 3 என்று ஒளித்தர எண் இருக்கும். நாள் முழுக்க அணிய 1 வேண்டும்.

கோடு நேராகத்தான் இருக்கிறது என்றால் பவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இதை அணிகிறீர்களா என்று பாருங்கள். பவர் கண்ணாடிக்கு மேலேயே போடும் அகலமான பாதுகாப்புக் கண்ணாடிகள் கிடைக்கின்றன. அதுவும் இல்லையென்றால் கண் பரிசோதனை.

## குறை 6: இரவு அறுவடையில் எதிர்விளக்கு கண்ணைப் பறிக்கிறது

மழை வரும் என்று தெரிந்தால் அறுவடை இயந்திரம் விடிய விடிய ஓடும். கூட நிற்கிறவர்களுக்கும் தூசி பறக்கும். இரவில் வெள்ளைக் கண்ணாடி மட்டுமே. மெல்லிய நிறம்கூட வேண்டாம். நூற்றுக்கு 75-க்குக் குறைவாக ஒளி விடும் லென்ஸ் இரவில் வண்டி ஓட்ட ஏற்றதில்லை என்பது தர விதி.

மஞ்சள் லென்ஸை இரவுக்கண்ணாடி என்று விற்கிறார்கள். போட்டவுடன் வெளிச்சம் கூடியது போல ஒரு தோற்றம் வரும். கூடுவதில்லை, குறைகிறது. 2019-இல் அமெரிக்காவில் வண்டி ஓட்டும் மாதிரிக் கருவியில் வைத்துச் சோதித்தபோது, எதிர்விளக்கின் முன்னே நடந்துவருபவரைக் கண்டுகொள்ள மஞ்சள் லென்ஸ் உதவவில்லை என்றுதான் கண்டார்கள். மஞ்சளைக் காலைப் பனிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக் கண்ணாடியிலும் விளக்கைச் சுற்றி ஒளி சிதறினால் கீறலைப் பாருங்கள். கண்ணாடி இல்லாமலும் வானவில் வளையம் தெரிந்து, கண்ணில் கடும் வலி, தலைவலி, வாந்தி சேர்ந்து வந்தால் கண் அழுத்தமாக இருக்கலாம். விடியும் வரை காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்குப் போங்கள்.

## குறை 7: இயந்திரத்தின் திரை கறுத்துவிட்டது

திரை கெட்டுவிட்டது என்று அறுவடை இயந்திரத்தின் மீட்டரைக் கழற்றியவர்கள் உண்டு. தலையைச் சாய்த்துப் பாருங்கள். திரை தெரிந்தால் நீங்கள் போட்டிருப்பது போலரைஸ்டு. மோட்டார் கொட்டகையின் வோல்ட் மீட்டருக்கும் இது பொருந்தும்.

## குறை 8: நடுஇரவில் கண்ணில் மணல் கொட்டியது போல எரிகிறது

பகலில் பட்டறையில் வெல்டிங் நடந்ததா? ஒரே ஒரு புள்ளி வைக்கத்தானே என்று கூலிங் கிளாஸோடு பார்த்தீர்களா, அல்லது பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டிருந்தீர்களா? ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் அந்தச் சுடர் தன் வேலையைக் காட்டும்.

எந்தக் கூலிங் கிளாஸும், வகை 4 ஆனாலும், வெல்டிங்குக்கு ஆகாது. கேஸ் வெட்டுக்கு 3 முதல் 5 வரை, ஆர்க் வெல்டிங்குக்கு 10 அல்லது அதற்கு மேல் என்று எண் பொறித்த தனி வடிகண்ணாடி இருக்கிறது. பக்கத்தில் பிடித்து நிற்கும் பையனுக்கும் ஒரு தடுப்பு கொடுங்கள். அவனுக்குத்தான் முதலில் எரிகிறது.

எரிச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். கண்ணைத் தேய்க்காதீர்கள், இருட்டறையில் இருங்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை நீங்களாக விடாதீர்கள், புண் ஆறாது. ஒரு நாளில் குறையவில்லையென்றாலும் பார்வை மங்கினாலும் மருத்துவரிடம் போங்கள்.

## குறை 9: கண்ணாடியைத் தாண்டிக் கண்ணில் ஏதோ பட்டுவிட்டது

இங்கே சோதனை எதுவும் இல்லை. இயந்திரத்தை நிறுத்துங்கள்.

தூசி, உமி என்றால் சுத்தமான குடிநீரை ஊற்றிக் கழுவுங்கள். தேய்க்க வேண்டாம். வாய்க்கால் தண்ணீர் வேண்டாம். விளக்கெண்ணெய், தாய்ப்பால், இலைச்சாறு விடும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அன்போடு செய்கிறார்கள், ஆனால் அதில் கண் போகிறது. நெல்தோகையோ உமியோ கருவிழியைக் கீறிவிட்டால் அதன் வழியே பூஞ்சைக் கிருமி ஏறும். மூன்று நாள், ஒரு வாரம் கழித்துக் கண் சிவந்து, வலித்து, கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறைந்தது போலத் தோன்றும், உள்ளே புண் வேகமாகப் பரவும். கீறல் என்று தெரிந்த அன்றே அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போங்கள்.

கல்லோ கம்பியோ வேகமாகப் பட்டிருந்தால் பார்வை நன்றாக இருந்தாலும் போக வேண்டும். குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். அந்தக் கண்ணைக் கழுவவும் வேண்டாம், அழுத்திக் கட்டவும் வேண்டாம். காகிதக் கோப்பை ஒன்றைக் கண்ணைத் தொடாதபடி மேலே கவிழ்த்து, ஓரங்களை மட்டும் ஒட்டுங்கள். 108-ஐ அழையுங்கள். உடைந்த கண்ணாடியையும், கிடைத்தால் தெறித்த துண்டையும் ஒரு காகிதத்தில் மடித்துக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உள்ளே என்ன தங்கியிருக்கும் என்று தேடப்போகும் மருத்துவருக்கு அது வேண்டும்.